எலும்பு ஃபுளோரைடு பாதிப்பு: அம்மாவை மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன், என்ன சொல்ல வேண்டும்?

பாலக்கோடு மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 57 வயது. பாலக்கோட்டுக்கும் பென்னாகரத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பிறந்து, பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டு திறக்கப்படும்வரை எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். அம்மாவின் பற்களில் சிறு வயதிலிருந்தே பழுப்புக் கறை உண்டு. அதை எங்கள் வீட்டில் யாரும் நோயாக நினைத்ததில்லை. தாய்மாமன் வீட்டுப் பல் என்றுதான் சொல்லி வந்தோம்.

கடந்த ஏழெட்டு ஆண்டுகளாகக் கழுத்து திரும்புவதில்லை. பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறார். முதுகு விறைத்துவிட்டது, முழங்கால்கள் பாதிதான் மடங்குகின்றன. தக்காளி பறிக்கும் வேலைக்கு இருபது வருடம் போனவர் இப்போது செடியின் உயரத்துக்குக் குனிய முடியாமல் வீட்டில் இருக்கிறார். சென்ற ஆண்டு எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருப்பதும், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பதும் தெரிந்தது. இது ஃபுளோரைடால் வந்தது என்று மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார்.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பித்து, மருத்துவக் குழுவின் முன் வருவதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. அக்கம்பக்கத்தார், எழுந்து நிற்கவே முடியாதவர் போல இருக்கச் சொல் என்கிறார்கள். அம்மாவோ நேர் எதிர். போன முறை புறநோயாளிப் பிரிவுக்குப் போனபோது, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதும், "பரவாயில்லைங்க சார், நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். வலி கட்டுப்பாட்டில் உள்ளது என்று அன்றைய சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது. முந்தின இரவு முழுவதும் அவர் தூங்கவில்லை என்பதை நான் சொல்வதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மதிப்பீட்டின்போது உண்மையில் எதைப் பார்ப்பார்கள்? ஃபுளோரைடு நோய் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குள் வருமா? நான் கூடவே இருந்து பேச விடுவார்களா? இந்த வழியில் போய் வந்தவர்கள் விவரமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

தர்மபுரி இயன்முறையாளர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் இம்மாவட்டத்தில் இயன்முறை சிகிச்சை அளித்து வருபவன். உங்கள் அம்மாவைப் போல விறைத்த முதுகோடு வருபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஃபுளோரைடு நோய் என்ற பெயர் தனியாக இல்லை. இதைக் கேட்டுப் பலர் மனம் தளர்ந்து திரும்பிவிடுகிறார்கள், ஆனால் தளர வேண்டியதில்லை. அதே பட்டியலில் உள்ள இயக்கக் குறைபாடு என்பதற்கு, தசை, எலும்பு அல்லது நரம்பு மண்டலப் பாதிப்பால் தன்னையோ பொருள்களையோ இயல்பாக நகர்த்திச் செயல்பட முடியாத நிலை என்பதே பொருள். உங்கள் அம்மா அந்த வழியில்தான் உள்ளே வருகிறார். ஆகவே குழுவின் முன் நோயின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை; அந்த நோய் உடம்பின் எந்தெந்த அசைவை எடுத்துக்கொண்டுவிட்டது என்பதுதான் பேச்சாக இருக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கென்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன. 2018 ஜனவரியில் வந்தவற்றை 2024 மார்ச்சில் திருத்தி வெளியிட்டார்கள். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நீள்கிறது என்பதைக் கோணமானி வைத்து அளப்பார்கள். தசையின் வலுவைச் சுழியத்திலிருந்து ஐந்து வரை தரப்படுத்துவார்கள். ஐந்து என்றால் முழு வலு. கால்களுக்கு அசைவு ஒரு பாகம், நிலைப்புத்தன்மை ஒரு பாகம் என்று தனித்தனியே பார்ப்பார்கள். நிலைப்புத்தன்மை என்பதில் சமதரையில் நடப்பது, சரிவில் நடப்பது, படியேறுவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் நிற்பது, குத்தவைத்து உட்காருவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது, நடந்துகொண்டே திரும்புவது ஆகியவை வரும். இவற்றில் கடைசி நான்கும் நம் ஊர்ப் பெண்களின் அன்றாட வாழ்க்கையே அல்லவா? அடுப்படி, கழிப்பறை, பந்தி, கோயில் எல்லாம் இவற்றில் அடங்கிவிடும். எனவே அம்மாவால் எதைச் செய்ய முடியவில்லை என்பதை இந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே புரிந்துகொள்ளுங்கள், பிறகு ஏமாற்றம் இருக்காது. குறைபாடு முதுகுக்கு 40 சதவீதம், காலுக்கு 30 சதவீதம் என்று வந்தால் மொத்தம் 70 ஆகாது. பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, தொண்ணூறில் அது போக மிச்சமுள்ள பங்குக்கு ஏற்பத்தான் சிறிய எண்ணைச் சேர்ப்பார்கள். 90-லிருந்து 40 போனால் 50. அதை 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17. ஆக மொத்தம் 57 வரும். குறைத்துவிட்டார்கள் என்று பலர் சண்டையிடுவது இந்தக் கணக்கு தெரியாததால்தான்.

நடிக்கச் சொல்லும் அக்கம்பக்கத்தாரின் பேச்சைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். மூட்டைத் தானாக அசைக்கச் சொல்லியும், தாங்களே பிடித்து அசைத்தும் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். உண்மையான விறைப்புக்கும் வேண்டுமென்று இறுக்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு கையில் பிடித்ததும் தெரிந்துவிடும். ஒன்றைக் கூட்டிச் சொன்னதாகச் சந்தேகம் வந்தால், மீதி ஒன்பது உண்மைகளும் அதோடு அடிபட்டுப் போகும். உங்கள் அம்மாவின் விறைப்புக்குக் கூடுதல் எதுவும் தேவையில்லை. மறைக்காமல் இருந்தாலே போதும்.

வலியைப் பற்றி ஒன்று. வலிக்கிறது என்று சொன்னதுமே மதிப்பெண் போட்டுவிடுவதில்லை. வலி செயல்பாட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்துத்தான் அது கணக்கில் வரும். ஆகவே "ரொம்ப வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், பத்து நிமிடம் நின்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியவில்லை என்று சொல்ல அவரைப் பழக்குங்கள். கை கால்களில் மரத்துப்போதலோ, நடையில் தடுமாற்றமோ இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த நோயில் முதுகெலும்பின் உட்குழாய் சுருங்கித் தண்டுவடத்தை அழுத்துவது உண்டு. அது இருக்குமானால் சான்றுக்காக மட்டுமல்ல, சிகிச்சைக்காகவும் உடனே பார்க்க வேண்டிய விஷயம்.

ஊத்தங்கரை வாசகர் எழுதியது:

ஐயா எழுதியது அத்தனையும் உண்மை. எங்கள் அப்பாவுக்கு நடந்ததை எழுதுகிறேன், உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காக.

அப்பா மாந்தோப்பில் காய் இறக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். எலும்பு சரியாகக் கூடவில்லை. பத்து வருடமாகக் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். மதிப்பீட்டு நாளன்று மருத்துவமனை அறையின் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, கோலையும் அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். "பெரிய டாக்டருங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல கோலூன்றிக்கிட்டுப் போறதா" என்று வாங்க மறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு எட்டு எடுத்து வைத்து மேசைவரை நடந்தார். படியேறுவீர்களா என்று கேட்டார்கள், ஏறுவேன் என்றார். அது பொய்யில்லை. வீட்டில் இருக்கும் மூன்று படியை, ஒரு கையால் சுவரையும் மறு கையால் அம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று ஏறுவார். அதற்கும் ஏறுவேன் என்றுதான் பெயர். அன்று காலை வராந்தாவில் நாற்பது பேருக்குமேல் காத்திருந்தார்கள். எப்படி ஏறுவீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்க யாருக்கும் நேரமில்லை.

34 சதவீதம் என்று வந்தது. 40 இல்லாமல் ஓய்வூதியம் இல்லை. காரணத்தை எழுத்தில் கேட்டதற்கு, அடுத்த வாரம் வாருங்கள் என்றே இரண்டு மாதம் அலையவிட்டார்கள். பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி, சான்று வழங்கியவரின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருந்த ஒரு அலுவலர்தான் பொறுமையாக எடுத்துச் சொல்லி, எங்கள் மனுவையும் திருத்திக் கொடுத்தார். இரண்டாம் முறை பார்த்தபோது அப்பா கோலோடு போனார், நான் பக்கத்தில் நின்றேன், "எப்படி ஏறுவார்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். 46 சதவீதம் வந்தது. அப்பாவின் இடுப்பு இரண்டு நாளிலும் ஒரே இடுப்புதான்.

கூட இருக்க விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் கேட்டபோது மறுக்கவில்லை. ஆனால் முதல் பதிலை அவரையே சொல்ல விடுங்கள். விட்டுப்போனதை மட்டும் நீங்கள் சேருங்கள். எல்லாவற்றுக்கும் பிள்ளைகளே பதில் சொன்னால் மருத்துவர் முகம் சுளிக்கிறார், அதில் நியாயமும் இருக்கிறது.

பாலக்கோடு மகள் எழுதியது:

கோலைச் செருப்போடு விட்டுச் சென்றதைப் படித்தபோது எங்கள் அம்மாவையே பார்த்ததுபோல் இருந்தது. அவரும் அதைத்தான் செய்வார்.

இன்னும் இரண்டு கேள்விகள். குத்தவைத்து உட்கார முடியாததால் கழிப்பறையில் அவர் படும் பாட்டை என்னிடமே ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னார். ஓர் ஆண் மருத்துவரின் முன், நாலு பேர் இருக்கும் அறையில், அதை எப்படிச் சொல்வார்? அடுத்து, தினமும் காலையில் வலி மாத்திரை போடுகிறார். அன்று மாத்திரை போட்டுக்கொண்டு போனால் நன்றாக இருப்பதுபோல் தெரியும், எனவே போட வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

தர்மபுரி இயன்முறையாளர் எழுதியது:

மாத்திரையை நிறுத்த வேண்டாம். மதிப்பீடு என்பது வழக்கமான சிகிச்சையோடு அவர் இருக்கும் நிலையைப் பார்ப்பதற்கு. வேண்டுமென்று துன்பப்படுத்தி அழைத்துச் செல்வது அவருக்கும் நல்லதல்ல. எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டது, எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மேலும் எலும்பு கூடி இறுகிய விறைப்பை வலி மாத்திரை தளர்த்திவிடாது. மடங்காத முழங்கால் மாத்திரை போட்டாலும் மடங்காது.

அரூர் அக்கா எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து சான்றுக்கு வருபவர்களோடு துணைக்குப் போவதைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். முதலில் உங்கள் அம்மாவின் கூச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெண்களுக்குச் சதவீதம் குறைவதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

முந்தைய நாள் மாலை அம்மாவோடு உட்கார்ந்து, காலையில் கண் விழித்தது முதல் இரவு படுப்பது வரை என்னென்ன செய்கிறார், எதில் யாருடைய கை வேண்டியிருக்கிறது, எதை விட்டேவிட்டார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கழிப்பறை விஷயம், உள்ளாடை அணிவதில் உள்ள சிரமம், மாதவிலக்கு நின்ற பிறகு வந்த தொல்லைகள் எதுவானாலும் அந்தத் தாளில் இருக்கட்டும். அறைக்குள் போனதும், "இதை வாயால் சொல்ல அம்மா கூச்சப்படுகிறார், படித்துப் பாருங்கள்" என்று நீட்டினால் போதும். நான் துணைக்குப் போன ஒரு மூதாட்டிக்கு அப்படித்தான் செய்தோம். மருத்துவர் வாசித்துவிட்டு, செவிலியரை அழைத்துத் திரை போட்டுப் பரிசோதித்தார். பரிசோதனையின்போது பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

நல்ல புடவை கட்டட்டும், அதைத் தடுக்காதீர்கள். ஆனால் அந்தப் புடவையைக் கட்ட எவ்வளவு நேரமானது, கொசுவத்தை யார் வைத்துவிட்டது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

இனி காகிதங்கள். எக்ஸ்ரே படங்களை அறிக்கையோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். அறிக்கை மட்டும் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. பழைய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குங்கள். சிறுநீரில் ஃபுளோரைடு அளவு பார்த்திருந்தால் அதையும் வையுங்கள். தனியார் மருத்துவர் தரும் கடிதம் ஆதாரம்தான், அதுவே சான்று ஆகிவிடாது. வலி கட்டுப்பாட்டில் உள்ளது என்று எழுதிய சீட்டை ஒளிக்க வேண்டாம். கேட்டால் அன்று அம்மா கூச்சத்தில் அப்படிச் சொன்னார் என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஆதார், புகைப்படம், விண்ணப்ப எண் ஆகியவற்றை நான் சொல்லவே வேண்டியதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் இருப்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,500 ரூபாய். அதற்கு 40 சதவீதம் வேண்டும், குடும்ப நிலை பற்றிய விசாரணையும் கிராம நிர்வாக அலுவலர் வழியாக நடக்கும். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். இயக்கக் குறைபாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்ற பிரிவில் வர 75 சதவீதம் வேண்டும். இரண்டையும் ஒருவரே வாங்க முடியாது. உங்கள் அம்மா தன் காலில் நடந்து வருகிறார் என்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் முதல் வழியை நோக்கித் தயாராவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

சான்று தற்காலிகமானது என்று வந்தால் அஞ்ச வேண்டாம். நிலை மாறக்கூடும் என்று குழு கருதினால் காலவரம்போடு தருவார்கள், அந்தத் தேதிக்கு முன்பே மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதியைச் சுவர்க் காலண்டரில் இப்போதே எழுதி வையுங்கள். தேதி தவறி ஓய்வூதியம் நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என்ற நிறத்தில் வரும். சான்றே இல்லை என்று மறுத்தால் காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டியது அவர்கள் கடமை. அதை வாங்காமல் வராதீர்கள்.

பாலக்கோடு மகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அக்கா சொன்னபடி அம்மாவை உட்காரவைத்துத் தாளில் எழுதினேன். முதலில் "எனக்கென்ன குறை" என்றார். பிறகு ஐயா எழுதிய சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன்: குத்தவைக்க முடியுமா, சம்மணம் போட முடியுமா, மண்டியிட முடியுமா. பதினொரு வரிகள் சேர்ந்தன. கடைசி வரி எனக்கே தெரியாதது. இரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளுக்கு வராமல் இருப்பதற்கு உடம்பு அசதி என்று காரணம் சொல்லி வந்தார். தரையில் போடும் பந்தியில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், அதை ஊரார் பார்ப்பார்களே என்பதுதான் காரணமாம்.

தாளை மடித்து எக்ஸ்ரே உறையில் வைத்துவிட்டேன். பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பதையும் தாளின் மேல்பகுதியில் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். மாத்திரையை வழக்கம்போல் காலை ஏழு மணிக்குத் தருகிறேன். வரும் புதன்கிழமை போகிறோம். சதவீதம் எவ்வளவு வந்தாலும் இங்கே வந்து எழுதுகிறேன்.